அக்காலமும் இக்காலமும்: யார் உயர்ந்தவர்?

சென்ற மாசி மாதத்தில், உடையார்கட்டில் உள்ள ஒரு பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குச் சென்றிருந்தேன். வெயில் சாயும் வேளையில் உயரம் பாய்தல் நடைபெற்றது. பதினேழு வயது மாணவன் ஒருவன் 1.72 மீற்றர் உயரத்தைக் கடந்தான். ஒலிபெருக்கி அதனைப் புதிய சாதனை என்று முழங்கிற்று. கைதட்டல் அடங்குவதற்கு முன்னரே, என் அருகில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் தலையை அசைத்தார்.

“சாதனையோ? எழுபதாம் ஆண்டுகளிலை எங்கட பெடியன் ஒருத்தன் இதே வளவிலை அஞ்சடி எட்டங்குலம் பாய்ஞ்சவன். வெறுங்காலோடை பாய்ஞ்சு மணலிலை விழுந்து எழும்பினவன். எதிர்வீரசிங்கத்தின்ரை பேரைக் கேட்டு வளர்ந்த பிள்ளையள் அவங்கள். இப்பத்தைப் பிள்ளையளுக்கு மெத்தை போட்டுக் குடுத்தும் அந்த உயரம் வரேல்லை, பாத்தீரே தம்பி!”

ஐந்தடி எட்டங்குலம் என்பதை மீற்றராக்கிப் பார்த்தேன். 1.727 வந்தது. அன்றைய மாணவனுக்கும் இன்றைய மாணவனுக்கும் இடையே ஒரு சென்ரிமீற்றர்கூட வேற்றுமையில்லை. ஆயினும் அந்தச் சிறு இடைவெளியிலேதான் ஒரு பெரிய வழக்கு எழுந்தது. போட்டி முடிந்த பின்னர், சாதனைப் பலகையில் யார் பெயரை எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, இளைய விளையாட்டு ஆசிரியர் பணிவோடுதான் கேட்டார்: “ஐயா சொல்லுறது உண்மையாயிருக்கும். ஆனால் பதிவு எங்கை?”

பதிவு இல்லை. 2009 ஆம் ஆண்டு தை மாதத்தில், பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட நிலப்பரப்புக்குள் உடையார்கட்டும் அடங்கியிருந்தது. அந்த வலயத்தினுள்ளும் எறிகணைகள் வீழ்ந்தன. மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தார்கள். உயிரைக் காக்க ஓடியவர்கள் எவரும் விளையாட்டுப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க மாட்டார்கள். அந்தப் பையன் எத்தனை அடி பாய்ந்தான் என்பதற்கு இன்று ஒரே ஆதாரம் அந்த முதிய ஆசிரியரின் நினைவுதான்.

அன்று கேட்ட அந்த உரையாடல் பல நாட்களாக என் மனத்தை விட்டு நீங்கவில்லை. ஒரு காலத்து வீரரையும் இன்னொரு காலத்து வீரரையும் ஒரே தராசில் நிறுக்க முடியுமா? முடியுமாயின் எந்தப் படிக்கல்லைக் கொண்டு நிறுப்பது?

முதியவர் எடுத்துக்காட்டிய பெயரிலிருந்தே தொடங்குவோம். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கியிலும் 1956 ஆம் ஆண்டு மெல்பேணிலும் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாக்களில் இலங்கைக்காக உயரம் பாய்ந்தவர். ஹெல்சிங்கிக்குச் சென்றபோது அவருக்குப் பதினெட்டு வயதுகூட நிறையவில்லை. 1958 இல் ரோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுவே. பின்னர் அமெரிக்காவில் உயர்கல்வி கற்றுக் கல்வித்துறையில் நெடுங்காலம் பணியாற்றிய அப்பெரியார் 2024 இல் மறைந்தார். வட இலங்கையில் உயரம் பாயும் பிள்ளைகளுக்கு அவர் பெயர் இன்றும் ஒரு மந்திரம்.

இனி, இலக்கத்தை மட்டும் பார்ப்போரின் வாதத்தைக் கேட்போம். 2.03 மீற்றர் என்பது இன்று பெரிய உயரமா? கியூபா நாட்டு ஹாவியர் சொட்டோமேயர் 1993 இல் பாய்ந்த 2.45 மீற்றர்தான் உலக சாதனை. நம் நாட்டிலேயே மஞ்சுள குமார 2.27 மீற்றரைக் கடந்திருக்கிறார். ஆகவே பழையவர் சிறியவர், புதியவர் பெரியவர் என்று முடித்துவிடலாம் அல்லவா?

அப்படி முடிப்பது எளிது. ஆனால் அதே இலக்கத்தைச் சில ஆண்டுகள் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் பெற்ற உயரம் 1.98 மீற்றர். 1952 ஹெல்சிங்கியில் தங்கம் பெற்ற உயரம் 2.04. 1956 மெல்பேணில் 2.12. அதாவது, ரோக்கியோவில் எதிர்வீரசிங்கம் பாய்ந்த உயரம் பத்தாண்டுக்கு முன்னர் இலண்டனில் உலகையே வென்றிருக்கும். ஹெல்சிங்கியில் தங்கத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் குறைந்திருக்கும். மெல்பேணில் ஒன்பது சென்ரிமீற்றர் பின்தங்கியிருக்கும். மனிதர் ஒருவர், உயரமும் ஒன்று. சூழ நின்ற காலம் மாறியதும் அந்த உயரத்தின் பொருளும் மாறிவிடுகின்றது.

காலம் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் கருவி இருக்கின்றது, முறை இருக்கின்றது, விழும் நிலமும் இருக்கின்றது. உயரம் பாய்தலைப் போல இதனைத் தெளிவாகக் காட்டும் விளையாட்டு வேறில்லை. அக்காலத்தில் குறுக்குக் கம்பத்துக்கு அப்பால் இருந்தது மணற்குழி, அல்லது மரத்தூள் குவியல். அதில் முதுகோ கழுத்தோ முதலில் பட விழுந்தவன் எழும்பமாட்டான். ஆதலால் காலையோ கையையோ முதலில் ஊன்றக்கூடிய வகையிலேதான் பாய வேண்டியிருந்தது. கால்களைக் கத்தரிபோல வீசித் தாண்டினார்கள். வயிறு கீழ்நோக்கக் கம்பத்தின்மேல் உருண்டும் தாண்டினார்கள். பின்னர், கடற்பஞ்சு போன்ற மெத்தைகள் வந்தன. 1968 இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் பொஸ்பரி என்ற அமெரிக்க இளைஞர் கம்பத்துக்கு முதுகைக் காட்டி, தலை முன்னாகப் பாய்ந்து 2.24 மீற்றரில் தங்கம் பெற்றார். உலகம் முதலில் சிரித்தது, பிறகு பின்பற்றியது. அந்தப் பாய்ச்சலை மணற்குழியில் எவரும் துணிந்து பயின்றிருக்க முடியாது. மெத்தை வந்த பின்னரே அந்த முறை உலகெங்கும் பரவ முடிந்தது.

பாதணியும் கதை சொல்லும். 1957 இல் சோவியத் நாட்டு யூரி ஸ்ரெபனோவ் 2.16 மீற்றர் பாய்ந்து உலக சாதனை படைத்தபோது, அவருடைய பாதணியின் அடித்தோல் வழமைக்கு மாறாகத் தடித்திருந்தது. அதன் பின்னர் அடித்தோலின் தடிப்புக்கு விதி வகுத்தார்கள். சாதனை ஏட்டில் நிலைத்தது; அதனை எய்துவிக்க உதவிய பாதணிக்குத் தடை வந்தது.

ஆகவே, நியாயமாய்ச் சிந்திப்போர் இரண்டாவது அளவுகோலை எடுக்கிறார்கள். ஒருவரை அவர் காலத்தவரோடு ஒப்பிடுங்கள் என்பதே அது. இதன்படி கணக்கிட்டால் சுவையான விடை கிடைக்கிறது. 1958 இல் உலக சாதனை 2.16, எதிர்வீரசிங்கம் அதற்குப் பதின்மூன்று சென்ரிமீற்றர் கீழே நின்றார். மஞ்சுள குமார பாய்ந்தபோது உலக சாதனை 2.45, அவர் பதினெட்டுச் சென்ரிமீற்றர் கீழே நின்றார். இந்தக் கணக்கில் பழையவர் சற்று முன்னே வருகிறார். எங்கள் முதிய ஆசிரியர் கேட்டால் மகிழ்வார். மஞ்சுள குமாரவின் அன்பர்கள் மகிழமாட்டார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. அவர் காலத்தில் உயரம் பாய்ந்த நாடுகள் எத்தனை! முழுநேரமும் அதுவே தொழிலாகப் பயின்றோர் எத்தனை பேர்! நெருக்கமான காட்டில் ஒரு மரம் தலையெடுப்பதும் வெட்டவெளியில் ஒரு மரம் தலையெடுப்பதும் ஒன்றாகுமா?

இங்கேதான் என் கருத்தின் மையத்துக்கு வருகிறேன். ஒருவரை அவர் காலத்தவரோடு ஒப்பிடுக என்கிறோம். அந்தக் காலத்தவர் யாவர்? களத்துக்குள் வந்தவர்கள் மட்டுமா? களத்துக்குள் வர விடப்படாதவர்களும் அக்காலத்தவர்கள் அல்லரா?

இந்த வினாவை மிகக் கூர்மையாக எழுப்புகின்ற விளையாட்டு கொல்ஃப். நம்மூரார் பலர் அதனைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். எனினும் யார் எக்காலத்திலும் தலைசிறந்தவர் என்ற வழக்கு அந்த விளையாட்டில் நடப்பதுபோல் வேறெங்கும் நடப்பதில்லை. பொபி ஜோன்ஸ் என்பவர் மரக்காம்பு மட்டை கொண்டு ஆடி, 1930 இல் ஒரே ஆண்டில் அமெரிக்க, பிரித்தானியப் பெரும்போட்டிகள் நான்கையும் வென்று, இருபத்தெட்டு வயதிலேயே ஓய்வு பெற்றார். ஜக் நிக்லஸ் 1962 முதல் 1986 வரை பதினெட்டுப் பெரும்போட்டிகளை வென்றார். ரைகர் வூட்ஸ் 1997 முதல் 2019 வரை பதினைந்து வென்றார். பதினெட்டுப் பெரிது என்பார் ஒரு சாரார். வூட்ஸின் காலத்தில் எதிராளிகள் தொகையும் திறமையும் மிகுதி, ஆதலால் அந்தப் பதினைந்தே கனம் மிக்கது என்பார் மற்றொரு சாரார். இருவரும் எதிராளிகளின் தரத்தைத்தான் எண்ணுகிறார்கள். ஆனால் பெயர்ப்பட்டியலில் இல்லாதவரை எவர் எண்ணுவார்?

அமெரிக்கத் தொழின்முறைக் கொல்ஃப் சங்கத்தின் அமைப்புவிதியில், வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற வாசகம் 1961 வரையில் இருந்தது. அகஸ்ராவில் ஆண்டுதோறும் நிகழும் மாஸ்ரர்ஸ் போட்டியில் கறுப்பினத்தவர் ஒருவர், லீ எல்டர், முதன்முதலாக ஆடியது 1975 இல். அதே களத்தில் ரைகர் வூட்ஸ் வென்றது 1997 இல். அந்த இருபத்திரண்டு ஆண்டு இடைவெளியை எந்தப் புள்ளிக்கணக்கும் காட்டாது.

தென்னாபிரிக்காவின் கதை நம் நெஞ்சுக்கு இன்னும் அண்மையானது. டேர்பன் நகரில் பிறந்த இந்திய வம்சாவளியினர் பப்வா செவ்கோலம். பிறருடைய மட்டைப்பையைச் சுமந்து பிழைத்தவர். ஆட்டத்தைத் தாமே கற்றார். வலக்கையாளர் அனைவரும் இடக்கையை மேலும் வலக்கையைக் கீழுமாகப் பற்றும் மட்டையை அவர் கைமாற்றிப் பற்றினார். அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் ஒல்லாந்து திறந்த போட்டியை வென்றார். 1963 இல் தம் சொந்த நகரில் நேற்றால் திறந்த போட்டியை வென்றபோது, வெள்ளையரின் மன்ற மண்டபத்துக்குள் நுழைய அவருக்கு உரிமை இருக்கவில்லை. வெளியே, கொட்டும் மழையில் நின்று வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றுக்கொண்டார். 1965 இல் அதே போட்டியில் கரி பிளேயரையும் முந்தினார். கரி பிளேயரோ ஒன்பது பெரும்போட்டிகளை வென்று உலகப் புகழ் பெற்றவர். அதன் பின்னர் செவ்கோலத்துக்குத் தம் நாட்டுப் போட்டிகளின் கதவு அடைக்கப்பட்டது, கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டது. 1978 இல் அவர் மறைந்தார்.

இப்பொழுது சொல்லுங்கள். அறுபதாம் ஆண்டுகளின் தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என்று ஒரு நூல் பட்டியல் இடுமாயின், அதில் செவ்கோலம் எத்தனையாம் இடம்? விடை கூற முடியாது. அவர் ஆடியிருக்க வேண்டிய ஆட்டங்கள் ஆடப்படவே இல்லை. அதனாலேயே அப்பட்டியலில் இருக்கும் மற்றவர்களின் இடமும் முற்ற முடிந்த முடிவன்று. களத்தின் வாயிலை ஒருவருக்கு அடைத்துவிட்டால், உள்ளே நின்று வென்றவரின் வெற்றியையும் நாம் முழுமையாக அளக்க முடியாமற் போகிறது. அது வென்றவரின் குற்றமன்று. ஆயினும் உண்மை அதுவே.

இந்த நீதியை நமக்கு விருப்பமான வீரரிடத்திலும் செலுத்த வேண்டும். அன்றேல் அது நீதியாகாது. 1958 இன் ரோக்கியோ விழாவில் மக்கள் சீனம் பங்குபற்றவில்லை. அந்நாடு ஆசிய விளையாட்டு விழாவுக்கு முதன்முதல் வந்தது 1974 இல். சீனத்தில் உயரம் பாய்வோர் இல்லாமலா இருந்தார்கள்? 1957 இல் செங் பெங்ரொங் என்ற சீனப் பெண்மணி 1.77 மீற்றர் பாய்ந்து மகளிர் உலக சாதனையையே முறியடித்திருந்தார். 1970 இல் நி ஜிச்சின் என்ற சீன வீரர், அன்றைய உலக சாதனையாகிய 2.28 ஐத் தாண்டி 2.29 மீற்றர் பாய்ந்தார். அவருடைய நாடு சர்வதேசச் சம்மேளனத்தில் அப்பொழுது உறுப்பு நாடாக இல்லாமையால் அந்த உயரம் உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. மண்ணிலிருந்து உடல் எழும்பியது உண்மை, கம்பம் விழாமல் நின்றதும் உண்மை. ஏட்டில் மட்டும் அது நிகழவில்லை.

இதைச் சொல்வதனால் எதிர்வீரசிங்கத்தின் தங்கத்தில் ஒரு குன்றிமணி எடையும் குறையாது. தம்முன் வந்து நின்றோரை அவர் வென்றார். வீரர் செய்யக்கூடியது அவ்வளவே. ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறப் புகும் நமக்குத்தான் இந்த எச்சரிக்கை.

மீண்டும் உடையார்கட்டுக்கு வருவோம். வன்னிப் பிள்ளைகளை யாழ்ப்பாணத்துப் பொற்காலத்தோடு ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுவோர் நம்மிடையே பலர். அவர்கள் ஒப்பிடும் காலங்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்பதை நினைப்பதில்லை. ஐம்பதாம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துப் பெருங்கல்லூரிகளுக்கு மைதானமும் பயிற்றுநரும் போட்டி மரபும் இருந்தன. குளங்களை நம்பிக் காடு வெட்டிக் குடியேறிய வன்னிக் கிராமங்களின் பாடசாலைகளில் ஓலைக் கொட்டிலும் ஒரு மணற்குழியும் இருந்தாலே பெரிது. அதன் பின்னர் போர் வந்தது. ஓடக்கூடிய கால்கள் வேறு காரணத்துக்காக ஓடின. கோட்டமட்டம், வலயமட்டம், மாகாணமட்டம், தேசியமட்டம் என்று ஒரு பிள்ளை படிப்படியாக ஏறவேண்டிய ஏணியில் எத்தனையோ படிகள் எத்தனையோ ஆண்டுகள் முறிந்து கிடந்தன. அந்த ஆண்டுகளில் இப்பகுதியில் உயரம் பாயக்கூடியவர் எவரும் பிறக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்?

இதற்குச் சான்று ஒன்று உண்டு. 2023 இல் பிலிப்பைன்ஸில் முதியோருக்கான மெய்வல்லுநர் போட்டிகள் நடைபெற்றன. இந்த மாவட்டத்து முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார், எழுபது வயதைக் கடந்தவர், அங்கே சென்று ஓடித் தங்கம் வென்று திரும்பினார். நாடு வியந்தது. நானோ வியப்போடு வேறொன்றையும் நினைத்தேன். எழுபதில் இப்படி ஓடுபவர் இருபதில் எப்படி ஓடியிருப்பார்? அந்த இருபது வயதுக்குத் திறந்த களம் எவ்வளவு இருந்தது? அவரைப் போன்ற எத்தனை பெண்கள் எவரும் நேரம் குறிக்காத ஓட்டத்தை வயல் வரம்புகளில் ஓடி முடித்துவிட்டார்கள்?

அப்படியானால் ஒப்பீடே கூடாதா என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கருத்து எனக்கு உடன்பாடன்று. ஒப்பிடாமல் மனிதன் எதையும் மதிப்பதில்லை. இலக்கிய அன்பர்களும் இதே வழக்கில்தான் வாழ்கிறார்கள். கம்பன் பெரியவனா பாரதி பெரியவனா என்று இரவு விடியும்வரை வாதிடுவோரை நான் அறிவேன். சடையப்ப வள்ளலின் ஆதரவு பெற்றவன் என்று சொல்லப்படும் கவியையும், அச்சுக்கூடமும் பத்திரிகையும் அரசின் கெடுபிடியும் சூழ வாழ்ந்த கவியையும் பாட்டின் தொகைகொண்டு நிறுப்பார் உண்டா? அவரவர் கையில் இருந்த கருவியையும் அவரவர் எதிர்கொண்ட தடையையும் அறிந்த பின்னரே வாதம் சுவைக்கிறது. எழுதத் தெரிந்தும் எழுத விடப்படாதவர்களின் நினைவு உடன் வந்தால் அந்த வாதத்துக்குப் பணிவும் வருகிறது. விளையாட்டுக்கும் இதுவே நெறி என்பேன்.

ஆகவே, எங்கள் பாடசாலைப் பலகை பற்றி என்னிடம் கருத்துக் கேட்டபோது நான் கூறியது இது. இரு பெயரையும் எழுதுங்கள். இன்றைய மாணவனின் பெயருக்கு எதிரே 1.72 மீற்றர் என்றும், மெத்தை என்றும், ஆண்டும் எழுதுங்கள். அதற்கு மேலே, ஐந்தடி எட்டங்குலம், மணல், வெறுங்கால் என்று எழுதி, கண்டவர் நினைவின்படி என்ற சொற்களையும் மறைக்காமற் சேருங்கள். நினைவைப் பதிவென்று பொய் சொல்ல வேண்டாம். பதிவில்லை என்பதற்காக நினைவைக் கொன்றுவிடவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே போட்டி நடைபெறாத ஆண்டுகளுக்கும் வரிசை வையுங்கள். அந்த வரிசைகளில் எதுவும் எழுத வேண்டாம். வெறுமையாகவே விடுங்கள். நாளை ஒரு பிள்ளை அந்த வெற்றிடத்தைச் சுட்டி, இங்கே ஏன் ஒருவர் பெயரும் இல்லை என்று கேட்கட்டும். அக்கேள்விக்கு விடை சொல்வதும் ஆசிரியத் தொழிலின் ஒரு பகுதிதான்.

இளைய ஆசிரியர் தயங்கினார். சாதனைப் பலகை என்றால் முதலிடம் ஒருவருக்குத்தானே என்றார். அவர் சொன்னதிலும் ஒழுங்கு உண்டு. போட்டிக்கு விதி வேண்டும், விதிக்கு எழுத்து வேண்டும். இனிமேல் முறியடிக்கப்பட வேண்டிய உயரம் 1.72 தான் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் பலகை விதியை மட்டும் சொல்லும் இடமன்று. அந்த மண்ணில் யார் யார் எழும்பிப் பாய்ந்தார்கள் என்பதைச் சொல்லும் இடமும் அதுவே.

முதிய ஆசிரியர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் அந்த மாணவனை அருகே அழைத்து, அவனுடைய தோளைத் தொட்டு, “தம்பி, அவன் விழுந்தது மணலிலை. நீ விழுந்தது மெத்தையிலை. எழும்பினது ரெண்டு பேரும் இந்த மண்ணிலை இருந்துதான்” என்றார். அவன் வெட்கத்தோடு சிரித்தான். அடுத்த ஆண்டு ஒரு மீற்றர் எழுபத்தைந்தைத் தாண்டிப் பார்ப்பதாகச் சொன்னான்.

தாண்டட்டும். தாண்டும்போது அவனை யாருடனும் ஒப்பிடுவோர் ஒப்பிடட்டும். எத்தனை உயரம் என்று கேட்பவர்கள், எதன்மேல் விழுந்தான் என்றும் கேட்கட்டும்; யார் வரமுடியாமற் போனார்கள் என்பதையும் மறவாது கேட்கட்டும். அம்மூன்றையும் கேட்டுத் தெரிந்தவர் கூறும் தீர்ப்பு எதுவாயினும், அதற்கு நான் தலைவணங்குவேன்.